பத்துக்கு எத்தனை? விண்வெளித் தொடர்களின் அரசியலுக்கு மதிப்பெண்

குடமுருட்டி (வலங்கைமான் பக்கம்) · ஞாயிறு இரவு 10.40

போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேர் கூடுவோம். ஓர் உரக்கடைக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இரண்டு தம்பிகள், என் மனைவி, நான். வாரம் ஓர் அத்தியாயம். அறிவியல் புனைவுத் தொடராக இருக்க வேண்டும், ஏதாவது ஓர் அரசியல் கேள்வியைக் கையில் எடுத்ததாக இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் பத்துக்கு இத்தனை என்று துண்டுச் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டுவிடுவோம். பேச்சு அதற்கப்புறம்தான். முதலில் பேசினால் வாத்தியார் மதிப்பெண்ணே எல்லாருக்கும் மதிப்பெண் ஆகிவிடுகிறது.

இன்று பார்த்தது ஸ்டார் ட்ரெக்கின் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வரும் 'ப்ராகிரஸ்'. முதல் சீசன், 1993 மே மாதம் ஒளிபரப்பானது. சொம்பைக் கவிழ்த்தால் 6, 6, 5, 7, 6. என் சீட்டில் மட்டும் 9. சாம்பார் ஆறி ஆடை படியும் வரை சண்டை போட்டோம். முடியவில்லை. அதனால் இங்கே கொண்டு வருகிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை. பஜோர் என்கிற கிரகம் கார்டாசியர்களின் ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் மீண்டிருக்கிறது. அதன் சந்திரன்களில் ஒன்று ஜெராடோ. அந்தச் சந்திரனின் உருகிய மையத்திலிருந்து எரிசக்தி எடுக்க அரசு முடிவு செய்கிறது. சில லட்சம் வீடுகளுக்கு இந்தக் குளிர்காலத்துக்கே சூடு கிடைக்கும். ஆனால் எடுக்கத் தொடங்கினால் ஜெராடோவில் காற்று விஷமாகிவிடும். ஊர் மொத்தமும் கிளம்பிவிட்டது. முலிபோக் என்கிற கிழவரும் அவருடன் இருக்கும் வாய் பேசாத இருவரும் மட்டும் நகரமாட்டோம் என்கிறார்கள். அவர்களைக் கிளப்பி அழைத்துவர அனுப்பப்படுகிறவள் கீரா. நேற்று வரை ஆக்கிரமிப்பை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவள், இன்று அரசாங்க அதிகாரி.

கிழவர் கட்டிக்கொண்டிருந்த சூளை ஒன்று பாதியில் நிற்கிறது. காவலர்கள் வந்து கூட இருந்த இருவரையும் இழுக்கும்போது அவர் தோட்டக் கருவியை எடுத்துக்கொண்டு பாய்கிறார், சுட்டுவிடுகிறார்கள். அவர் காயத்தோடு படுத்திருக்கும்போது அந்தச் சூளையைக் கீரா தன் கையால் கட்டி முடிக்கிறாள். கடைசியில் அதே சூளையை அவளே சுட்டுத் தகர்க்கிறாள். குடிசைக்கும் தீ வைக்கிறாள். இங்கிருந்து போனால் செத்துப்போவேன் என்கிறார் அவர். சாகமாட்டீர்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறாள். அதோடு முடிகிறது. ஆறுதலாக ஒரு காட்சிகூடக் கிடையாது.

மற்ற ஐந்து பேரும் 'மெதுவாகப் போகிறது, சண்டை இல்லை, முடிவு இல்லை' என்றார்கள். எனக்கு வேறு அளவுகோல். ஓர் அத்தியாயம் நம் கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்த்து மார்க் போட்டால் அது அத்தியாயத்துக்குப் போடும் மார்க்கே இல்லை. தோற்கப் போகிறவருக்கு அந்தக் கதை எவ்வளவு நேரம் கொடுத்தது, அவர் வீட்டை, அடுப்பை, பிடிவாதத்தைக் கிட்டப்போய்க் காட்டியதா, அவரைக் கிளப்புகிறவரின் கை நடுங்கியதா என்று பார்க்கிறேன். இந்த வகையில் 'ப்ராகிரஸ்' போல இன்னொன்று இதுவரை நான் பார்க்கவில்லை.

இதைச் சொல்லும்போது என் பெரியப்பா கண்முன் நிற்கிறார் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் வயலுக்கு இரண்டு வயல் தள்ளி எண்ணெய்க் கிணறு இருக்கிறது. குழாய் அவர் வரப்பைத் தாண்டிப் போகிறது. ஒருமுறை கசிந்து ஒரு மா நிலத்தில் பயிர் கருகியது. இழப்பீட்டுக்கு அலைந்த அலைச்சலில் ஒரு பருவமே போனது. மகன் திருச்சிக்குக் கூப்பிடுகிறான். பெரியப்பா பம்புசெட் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, 'இங்க தண்ணி எறைக்கிற சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது' என்கிறார்.

உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். வேறு அத்தியாயங்களுக்கும் சொல்லுங்கள், காரணத்தோடு.

—

வெட்டாறு (திருவாரூர்) · ஞாயிறு இரவு 11.25

அண்ணே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெய் வயலில் டெக்னீஷியன். பதினாலு வருஷமாக அதே சோறுதான் சாப்பிடுகிறேன். என் சொந்த ஊரும் இதே டெல்டாதான், எங்களுக்கும் நிலம் இருக்கிறது.

'ப்ராகிரஸ்' நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். சில லட்சம் வீட்டுக்குக் குளிர்காலச் சூடு என்கிறார்கள். அந்த வீடுகளில் ஒன்றையாவது காட்டினார்களா? போர்வை போதாமல் நடுங்கும் ஒரு குழந்தை, ஒரு பிரசவ வீடு, ஏதாவது? இல்லை. கிழவருக்கு முக்கால் மணி நேரம். அந்த லட்சம் பேருக்கு ஒரு வாக்கியம், அதுவும் மந்திரி வாயில். இது நியாயமான தராசா?

முலிபோக் நல்ல பேச்சுக்காரர். கதை சொல்கிறார், வம்பு இழுக்கிறார், நமக்குப் பிடித்துப்போகிறது. அவர் எரிச்சலூட்டும் ஆளாக இருந்திருந்தால் நீங்கள் 9 போட்டிருப்பீர்களா? பிடித்த மனிதருக்கு அநியாயம் நடந்தால் யாருக்கும் அழுகை வரும். பிடிக்காத மனிதருக்கு நடந்தாலும் அநியாயம் என்று புரிய வைப்பதுதான் கஷ்டம். கொஞ்ச நாள் கழித்து அதே சீசனில் வந்த 'டூயட்' அதைச் செய்கிறது. முகாமில் கொடுமை செய்தவன் என்று பிடித்து வைக்கப்பட்ட ஒருவன், அவனை வெறுக்கிற அதே கீரா, ஓர் அறை. அதற்கு நான் 10. 'ப்ராகிரஸ்' 6.

இன்னொன்று. நரிமணத்தில் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியதும் அதே 1993தான். எங்கள் தெருவில் அன்றைக்கு வேலைக்குப் போன முதல் ஆள் என் சித்தப்பா. அவர் சம்பளத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். இந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

—

கடுவையாறு (நாகை) · திங்கள் காலை 6.10

தோழர்களே, நீங்கள் இருவரும் நிலத்தோடு நின்றுவிட்டீர்கள். கூலி என்று ஒன்று இருக்கிறதே.

என் பட்டியலில் முதலிடம் 'பார் அசோசியேஷன்'. அதே தொடர், 1996. காமெடி என்று நினைத்துப் பலர் தள்ளிவிடுகிறார்கள். குவார்க் நடத்தும் மதுக்கடையில் வேலை செய்யும் அவன் தம்பி ரோமுக்குக் காதில் சீழ். உடம்புக்கு முடியாவிட்டாலும் விடுப்பு கிடையாது. பஜோரியர்களின் நோன்பு மாதம் வருகிறது, கடையில் கூட்டமில்லை, உடனே எல்லார் கூலியிலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. நம்மூரில் வெள்ளாமை பொய்த்தால் முதலில் எது குறையும்? அதேதான். ரோம் சங்கம் கட்டுகிறான். ஃபெரங்கி என்கிற அவர்கள் இனத்தின் சட்டத்தில் சங்கம் என்ற சொல்லே குற்றம்.

இதில் நான் வியந்த இடம் ஒன்று. வேலைநிறுத்தத்தை உடைக்க மேலிடத்திலிருந்து பிரண்ட் வருகிறான், அடியாட்களோடு. அவர்கள் அடித்துப் போடுவது தொழிலாளியை இல்லை, முதலாளி குவார்க்கை. தம்பி அடிபட்ட அண்ணனைப் பார்த்துப் பயந்து அடங்கட்டும் என்று. முதலாளிகளுக்குள் ஒருவன் இளகினால் மற்ற முதலாளிகள் அவனை என்ன செய்வார்கள் என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. கூலியை ஏற்றிக் கொடுக்கத் தயாராக இருந்த சின்ன மிராசுகளும் சங்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள், மிராசுதார்களின் சங்கத்துக்கு, என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்புறம் அந்த விண்வெளி நிலையத்தின் பொறியாளர் ஓ'பிரையன். தன் மூதாதை ஒருவர் 1902 பென்சில்வேனியா நிலக்கரி வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திச் சுடப்பட்டுச் செத்ததைச் சொல்வார். மூதாதை கற்பனை, வேலைநிறுத்தம் நிஜம். 9.

இப்போது நான் ஒரு பெரிய பெயரைக் கீழே இறக்கப் போகிறேன். பழைய ஸ்டார் ட்ரெக்கின் 'லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்ட்'. முகத்தில் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. ஒருவனுக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவனுக்கு இடப்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம், அதற்காகக் கிரகமே அழிந்துபோகிறது. நிறவெறிக்கு எதிரான அத்தியாயம் என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள்.

அது ஒளிபரப்பானது 1969 ஜனவரி 10. கீழ்வெண்மணி 1968 டிசம்பர் 25. பதினாறு நாள் இடைவெளி. கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 44 பேரை ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த மண்ணில் வளர்ந்தவன் நான், ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் அங்கே போகிறவன். அந்த இருவரில் லோகாய் என்பவன் தன் சனத்தை அடிமையாக வைத்திருந்தார்கள் என்கிறான். அவனைத் துரத்தும் பீல் அந்த ஆண்டைகளின் ஆள். கதை முடிவில் இருவரையும் ஒரே தட்டில் வைத்து, பாருங்கள், வெறுப்பு இருவரையும் தின்றுவிட்டது என்கிறது. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே மார்க். என்னால் 4க்கு மேல் போட முடியாது.

—

அரிசிலாறு · திங்கள் காலை 7.45

மேலே சொல்லப்பட்ட கணக்கு வாத்தியார் நான்தான். கடுவையாறு தோழருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது வந்த நேரத்தைப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அமெரிக்க வீடுகளின் கூடத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு, உன் தோல் எந்தப் பக்கம் என்பது ஒரு விஷயமே இல்லை என்று காட்ட அந்த முகப்பூச்சு போதுமானதாக இருந்தது. ஒரு குழந்தைகூடப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த இரண்டு முகங்களை வரைந்து காட்டினேன். 'இதுல யாரு சார் ஒசத்தி?' என்று கேட்டு அவர்களே சிரித்தார்கள். 7 போட்டேன், 7தான்.

ஆனால் சிரித்த பிள்ளைகளில் யாரும் எதுவும் இழக்கவில்லை என்பதையும் யோசிக்கிறேன். 

—

தாளடி · திங்கள் இரவு 9.05

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. அண்ணன்கள் பேசியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரில் 'டர்ட்டி ஹேண்ட்ஸ்', 2007. அதை யாருமே சொல்லவில்லையே. என் அம்மா நடவாள். இப்போதும் போகிறார். நான் இந்த அத்தியாயத்தை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில், ஒவ்வொரு வரியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மனித இனத்தில் மிச்சமிருப்பவர்கள் கப்பல்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருள் சுத்திகரிக்கும் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு கிடையாது, மாற்று ஆள் கிடையாது. பிள்ளைகளும் அங்கேயே வேலை பழகுகிறார்கள், அப்பாவுக்குப் பின் மகன் என்று. ஆள் போதாதபோது பட்டியல் எடுக்கிறார்கள், யார் யாருக்கு முன் அனுபவம் என்று. ஒரு பையன் படிப்புச் செலவுக்காக ஒரு கோடை விடுமுறையில் பண்ணையில் வேலை பார்த்திருக்கிறான். அதை ஒரு தாளில் எழுதியிருக்கிறான். அந்த ஒரு வரிக்காக அவனைக் கொண்டுபோய் இயந்திரத்தின் முன் நிறுத்துகிறார்கள். கை போய்விடுகிறது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதினேன். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு, வகுப்பே கேட்க, 'அப்ப நாத்துப் பறிக்க லீவு போடுவியா?' என்றார். நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை. அந்தப் பையன் பெயர் பட்டியலில் வாசிக்கப்பட்டபோது எனக்கு அந்த விண்ணப்பத் தாள்தான் ஞாபகம் வந்தது. நீல மையில் எழுதியிருந்தேன்.

இன்னொரு இடம். சிறையில் இருக்கும் பால்டர் தன் ஊர்க் கதையைச் சொல்கிறான். ஏரிலான் என்கிற கிரகத்துப் பண்ணைக்காரன் மகன். பன்னிரண்டு உலகத்துக்கும் சோறு போட்ட கிரகம் அது. ஆனால் அந்த ஊர்ப் பேச்சு வாயில் வந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று சின்ன வயதிலேயே பேச்சை மாற்றிக்கொண்டு தலைநகரத்துக்காரன் மாதிரி பேசப் பழகினான். அந்தக் காட்சியில் பழைய பேச்சில் கொஞ்சம் பேசியும் காட்டுவான். நெற்களஞ்சியம் என்று நம்மைப் பாடப் புத்தகத்தில் போடுகிறார்கள். சென்னையில் விடுதியில் சேர்ந்த முதல் மாதம் நான் 'வர்றாஹ, போறாஹ' என்று பேசியதைக் கேட்டு அறைத்தோழிகள் செய்து காட்டுவார்கள். மூன்றே மாதத்தில் மாற்றிக்கொண்டேன். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் மாடிப்படிக்குப் போய்விடுவேன்.

அம்மா பார்த்துக்கொண்டே காலில் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தார். வேலைநிறுத்தத்தை உடைக்கப் படைத்தலைவன் அடாமா, அதை நடத்தும் டைரலின் மனைவியைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டும் இடத்தில் கையை நிறுத்திவிட்டார். 'நல்லவன்னு சொன்னியே இவன' என்றார். ஆமாம், தொடரில் அவன் நல்லவன். அந்த நல்லவனையே இப்படிக் காட்டத் துணிந்ததற்காக நான் 9 போடுகிறேன். மிரட்டிப் பணிய வைத்த பிறகுதான் பேச்சுவார்த்தை, சங்கத்துக்கு அனுமதி, வேலையை மாற்றிப் போடுவது எல்லாம். கேட்டவுடன் கொடுத்ததாகக் காட்டவில்லை. சிலருக்கு இந்த முடிவு பிடிக்காது. எனக்கு அது தெரிந்த முடிவு.

—

வெட்டாறு (திருவாரூர்) · திங்கள் இரவு 9.50

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். முன்பு நான் அதற்கு 7 என்று குறித்து வைத்திருந்தேன். சுத்திகரிப்புக் கப்பலில் அந்தப் பையனை உருளைக்குள் கை விடச் சொல்லும் காட்சி, எங்கள் பாதுகாப்புப் பயிற்சியில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்களோ அதேதான். ஓடும் இயந்திரத்தில் அடைப்பை எடுக்கக்கூடாது. எங்களிடம் நிரந்தர ஆளை அப்படி விடமாட்டோம். ஒப்பந்தக் கூலிக்கு வருகிறவர்களை விடுகிறோமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். 9.

—

கடைமடை (தலைஞாயிறு) · செவ்வாய் மதியம் 2.15

தண்ணீர் அத்தியாயத்தைப் பற்றி ஒருவரும் பேசாமல் டெல்டாக்காரர்கள் இவ்வளவு எழுதிவிட்டீர்கள். நான் தொடங்குகிறேன்.

'தி எக்ஸ்பான்ஸ்' முதல் அத்தியாயம் 'டல்சினியா', 2015. சீரிஸ் என்கிற குறுங்கோள். ஒரு காலத்தில் பனிக்கட்டி போர்த்திக் கிடந்தது. பூமியும் செவ்வாயும் அதைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டன, இப்போது அங்கே பிறந்தவனுக்கே தண்ணீர் அளந்து ஊற்றுகிறார்கள் என்று ஒருவன் கூட்டத்தில் கத்துகிறான். பார்த்தவுடன் எல்லாரும் கர்நாடகம், தமிழ்நாடு என்பார்கள். 2007 தீர்ப்பில் 192 டிஎம்சி, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது என்று கணக்கும் சொல்வார்கள். அந்தக் கணக்கு எனக்கும் மனப்பாடம்.

ஆனால் அந்த அத்தியாயத்தை நான் நேசிப்பது வேறொரு காரணத்துக்காக. சீரிஸுக்கு உள்ளேயே ஒரு மேல், ஒரு கீழ் இருக்கிறது. கீழ்த்தட்டில் குழந்தைகள் இருமுகின்றன. காற்று வடிகட்டியைச் சரியாக மாற்றாமல் காசு பார்க்கிறவன் பூமிக்காரன் இல்லை, உள்ளூர்க்காரன். போலீஸ்காரன் மில்லர் முதலில் அவனிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அப்புறம் இருமல் சத்தம் கேட்டபின் திரும்பி வந்து அவனைக் காற்றில்லா அறையில் அடைத்து மூச்சுத் திணற வைக்கிறான். வாங்கியவனே திரும்பி வருகிறான் என்பது பெரிய விஷயம்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு. பூத்தூவுவார்கள், மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கேயும் பூ. எங்களுக்கு வரும்போது பூவும் இல்லை, சில வருஷம் தண்ணீரும் இல்லை. தலைமடையில் முறை தாண்டி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்டால் மேலே கேளுங்கள் என்பார். நாங்கள் சைக்கிளில் இருபது கிலோமீட்டர் கரையோரம் போய், எந்த மதகில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம். 2016ல் குறுவையும் இல்லை, சம்பாவும் கருகியது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுக்க வறட்சி என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் எங்கள் வாய்க்காலில் நான் பார்த்தது நெருஞ்சி மட்டும்தான். பெங்களூரைத் திட்ட எனக்குச் சுலபம். பக்கத்து ஒன்றியத்தைத் திட்ட வாய் வராது, பெண் கொடுத்து எடுத்த ஊர். சீரிஸ் அந்தச் சங்கடத்தைக் காட்டுகிறது. 9.

இதற்கும் மேலே ஒன்று. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 'தி இன்னர் லைட்', 1992. அன்புக் கதை, புல்லாங்குழல் கதை என்று எல்லாரும் அழுகிறார்கள், நானும் அழுதேன். அது வறட்சிக் கதை. கடான் என்கிற கிரகம் காய்ந்துகொண்டே போகிறது. ஊர் நடுவில் ஒரு கன்றை நட்டு, தங்கள் பங்குத் தண்ணீரில் அதை வளர்க்கிறார்கள். தொடரின் கப்பல் தலைவர் பிகார்ட் அங்கே ஒரு வாழ்க்கை முழுக்க வாழ்கிறார், மண்ணை அளக்கிறார், காற்றிலிருந்து நீர் பிடிக்கும் கருவி வைக்கலாம் என்று அதிகாரியிடம் கேட்கிறார். நடக்கவில்லை. வயதானபின் மறுபடி போய், கிரகம் சாகிறது என்கிறார். அதிகாரி மெதுவாகச் சொல்கிறான், எங்களுக்கு முன்பே தெரியும், சனங்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

அந்த ஒரு வரிக்காக அதை அரசியல் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். 10.

—

அரிசிலாறு · செவ்வாய் மாலை 5.30

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பட்டியலில் 'இன்னர் லைட்' இல்லவே இல்லை. சேர்க்கிறோம்.

—

மூன்றாம் மதகு · செவ்வாய் இரவு 8.20

'ப்ராகிரஸ்' பற்றி இத்தனை பேர் பேசினீர்கள், அதிலேயே ஓடும் இரண்டாவது கதையை விட்டுவிட்டீர்கள். ஜேக்கும் நாகும் என்று இரண்டு பையன்கள். தேங்கிக் கிடந்த ஐயாயிரம் பொட்டலம் சாஸைக் கொடுத்து நூறு குரோஸ் போல்ட் வாங்குகிறார்கள். அந்தப் போல்ட் எதற்கு என்றே அவர்களுக்குத் தெரியாது. அதைக் கொடுத்து ஏழு 'டெசிபேட்' நிலம் வாங்குகிறார்கள். நிலத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அப்புறம் பார்த்தால் அரசுக்கே அந்த நிலம் தேவைப்படுகிறது, ஐந்து கட்டி லாட்டினத்துக்கு (அங்கே அதுதான் பணம்) விலை பேசுகிறார்கள்.

பலர் இதைப் பையன்களின் விளையாட்டு, நேரம் ஓட்டச் சேர்த்தது என்பார்கள். நான் பத்திரப் பதிவு எழுதுகிறவன். கும்பகோணத்திலிருந்து நாலு பக்கமும் போகும் சாலையில் நடுகல் ஊன்றி பிளாட் போட்ட வயல்களுக்கு எத்தனை பத்திரம் எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். வாங்குகிறவர் துபாயில் இருப்பார், விற்கிறவர் பவர் கொடுத்துவிட்டுத் திருப்பூரில் இருப்பார். நான்கு எல்லையை நான் எழுதுவேன், வடக்கே இன்னார் நஞ்சை, தெற்கே வாய்க்கால் என்று. அந்த வாய்க்கால் தூர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ஒரே அத்தியாயத்தில் ஒருவருக்கு நிலம் நாற்பது வருஷம் இருந்த குடிசை, இன்னொருவருக்குப் போல்ட்டுக்கு மாற்று. இரண்டையும் முட்ட விடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இதற்காகவே 8.

—

கடுவையாறு (நாகை) · செவ்வாய் இரவு 8.55

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

—

குடமுருட்டி (வலங்கைமான் பக்கம்) · புதன் இரவு 10.15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதவில்லை.

வெட்டாறு தம்பி சொன்னது சரி. என் அளவுகோலை நானே பாதிதான் பிடித்திருக்கிறேன். குளிரில் இருந்தவர்களின் ஒரு வீட்டையாவது காட்டியிருக்க வேண்டும். கிழவரின் தரப்பு அப்போதும் கீழே விழுந்திருக்காது. கீரா சூளையைத் தகர்க்கும்போது நமக்கு இன்னும் வலித்திருக்கும். 9ஐ 8 ஆக்குகிறேன். இதற்குக் கீழே இறங்கமாட்டேன். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது இனிப்புக் கொடுத்தோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகளை அது தொடாது என்று படித்தபின் பெரியப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். யார் பக்கம் நின்றாலும் ஒருவர் வாசலில் போய் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீராவை அதனால்தான் என்னால் வெறுக்க முடியவில்லை.

நேற்று 'ப்ராகிரஸ்' அத்தியாயத்தைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொட்டகையிலேயே, செல்போனை உப்பு மூட்டை மேல் சாய்த்து வைத்து. ஆங்கிலம் தெரியாது, நான் சொல்லச் சொல்லப் பார்த்தார். கிழவரும் கீராவும் பேசும் இடங்களில் எனக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குடிசை எரியும்போது ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பத்துக்கு எத்தனை பெரியப்பா என்றேன்.

'அது கெடக்கட்டும். இடிக்கப் போறோம்னு அவளுக்குத் தெரியும்ல. தெரிஞ்சும் அந்தச் சூளைய ஏன் அவளே கட்டி முடிச்சா?'

இவ்வளவு பேசியும் எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவருக்குச் செய்ய வேறொன்றும் இல்லை, அதனால் இதையாவது செய்தாள் என்றேன். தலையாட்டினார், ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. 'மறுபடி ஒரு தடவ போடு' என்றார்.

இந்த ஞாயிறு 'டூயட்'. ஏழு மணி. தாளடி தங்கச்சி ஊருக்கு வந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம்.

—

வெட்டாறு (திருவாரூர்) · புதன் இரவு 10.40

ஞாயிறு எனக்குப் பகல் ஷிப்ட் அண்ணே. முடித்துவிட்டு வண்டியை எடுத்தால் ஏழரைக்கு வலங்கைமான் வந்துவிடுவேன். முதல் அரைமணி எனக்குத் தெரிந்ததுதான், நீங்கள் ஆரம்பித்துவிடுங்கள். பெரியப்பா வருவாரா? வந்தால் சொல்லுங்கள், நான் வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு வருகிறேன்.

—

குடமுருட்டி (வலங்கைமான் பக்கம்) · புதன் இரவு 10.52

மாற்ற வேண்டாம் தம்பி, அப்படியே வாருங்கள். அவரைக் கூட்டி வருகிறேன். மாடிப்படியில் பிடித்து ஏற்ற ஒரு ஆள் வேண்டும்.